தோடம்பழமும் குளிசையும்

பிணிக்கு மருந்து காண்பது ஒன்று. அம்மருந்து எதனால் மருந்தாயிற்று என்று காண்பது பிறிதொன்று. முன்னையது தற்செயலாகப் பலமுறை மனிதனுக்குக் கிட்டியிருக்கின்றது. பின்னையது கிட்டாதவிடத்து, கையிற் கிடைத்த மருந்தும் நழுவிப் போவதுண்டு. விற்றமின் ‘சி’ எனப்படும் உயிர்ச்சத்தின் வரலாறு இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும். இன்று அச்சத்து மருந்துக் கடையிற் குளிசையாகவும், கொல்லையிற் கொய்யாப்பழமாகவும் கிடைக்கின்றது. இவ்விரண்டினுள் எது மேலானது, ஒன்று மற்றதற்கு ஈடாகுமா என்னும் வினா பல வீடுகளிலும் எழுகின்றது. அவ்வினாவுக்கு விடை காண விழைவோர், கல்லறைதானும் இன்றிக் கடலில் இடப்பெற்ற கப்பலோட்டிகளின் கதையிலிருந்து தொடங்குதல் வேண்டும்.

வாஸ்கோ ட காமாவின் கப்பல்கள் 1498ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் இந்தியக் கரையை விட்டு ஆபிரிக்காவை நோக்கித் திரும்பின. காற்றுப் பகையாயிற்று. கடலைக் கடக்க ஏறத்தாழ மூன்று மாதங்கள் சென்றன. அதற்குள் மாலுமிகளின் ஈறுகள் பல்லை மூடுமளவுக்கு வீங்கின, கால்கள் தடித்தன, உடம்பெங்கும் நோவு பரந்தது. அக்கடப்பில் மட்டும் 30 பேர் மாண்டனர். ஒவ்வொரு கப்பலிலும் வேலை செய்யவல்லவராக எஞ்சியோர் ஏழெட்டுப் பேரே. மலிந்தித் துறையை அடைந்ததும் நோயாளர் வேண்டிக்கொண்டது தோடம்பழத்தையே. போகும் வழியில் மொம்பாசாவில் அப்பழத்தை உண்டு நலம் பெற்ற நினைவு அவர்களுக்கு இருந்தது. இந்நோயே ‘ஸ்கர்வி’ எனப்படுவது. உடலின் தசையையும் தோலையும் குருதிக் குழாய்களையும் இணைத்து நிற்கும் ‘கொலாசன்’ என்னும் புரதம் செவ்வனே உருவாவதற்கு விற்றமின் ‘சி’ வேண்டும். அஃது இல்லாதவிடத்து, கட்டிய வீட்டின் சாந்து உதிர்வதுபோல் உடல் தளர்கின்றது, ஈறுகளிற் குருதி கசிகின்றது, காயங்கள் ஆறுவதில்லை.

இந்நோய்க்கு மருந்து கண்டோர் பலர். 1535ஆம் ஆண்டின் மாரிகாலத்தில், இன்று கியூபெக் நகர் அமைந்துள்ள இடத்தருகே, பனிக்கட்டியிற் சிக்கிய ஜாக் கார்த்தியேயின் பிரெஞ்சுக் குழுவினர் 110 பேருள் 25 பேர் இறந்தனர். அந்நாட்டுப் பழங்குடியினர் ஒரு மரத்தின் இலையையும் பட்டையையும் அவித்துக் குடிக்கும் முறையைக் காட்டினர். எஞ்சியோர் சில நாட்களில் எழுந்து நடமாடினர். 1601ஆம் ஆண்டில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் முதற் பயணத்துக்குத் தலைமை தாங்கிய ஜேம்ஸ் லங்காஸ்ரர், தமது கப்பலில் இருந்தோருக்கு மட்டும் காலைதோறும் மூன்று கரண்டி எலுமிச்சைச் சாறு கொடுத்தார். நான்கு கப்பல்களும் ஆபிரிக்காவின் தென்முனைக் குடாவை அடைந்தபோது, ஏனைய மூன்றிலும் பாய்களை இழுக்கவும் ஆளில்லை; வணிகரே மாலுமி வேலை செய்தனர். லங்காஸ்ரரின் ஆட்களே சென்று அக்கப்பல்களின் படகுகளை இறக்கிக் கொடுத்தனர்.

இத்துணைத் தெளிவான சான்று கிடைத்தும் வழக்கம் நிலைக்கவில்லை. காரணம் யாது? எலுமிச்சைச் சாறு குணப்படுத்தியதை மக்கள் கண்டனர். சாற்றிலுள்ள எது குணப்படுத்தியது என்பதை அறிந்திலர். புளிப்பே மருந்தென மருத்துவர் பலர் கருதினர். புளிப்பே மருந்தாயின், விலையுயர்ந்த பழம் எதற்கு? காடியும், நீர்கலந்த கந்தக அமிலமும் மலிவானவை, ஆண்டுக்கணக்கிற் கெடாதவை. அவையே கப்பலில் ஏற்றப்பட்டன. உண்மைப் பொருளை அறியாது அதன் சுவையை மட்டும் கொண்டு தேடிய பதிலிப் பொருள்கள் இவை. எவ்வகைப் பயனும் அவற்றால் விளையவில்லை. 1740ஆம் ஆண்டில் ஜோர்ஜ் அன்சன் என்னும் ஆங்கிலத் தளபதியுடன் உலகைச் சுற்றப் புறப்பட்டோர் ஏறக்குறைய 1,900 பேர். நான்கு ஆண்டுகளின் பின்னர் அவர்களுள் ஒரு சிலரே தாயகம் மீண்டனர். போரில் இறந்தோர் மிகச் சிலர்; நோயால், பெரும்பாலும் ஸ்கர்வியால், மடிந்தோர் 1,300 பேருக்கு மேற்பட்டோர்.

இப்பேரிழப்பின் நிழலிலேதான் ஜேம்ஸ் லிண்ட் என்னும் ஸ்கொத்லாந்து வைத்தியர் தமது பரிசோதனையை நடத்தினார். 1747ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள், ‘சோல்ஸ்பரி’ என்னும் போர்க்கப்பலில் ஸ்கர்வியுற்ற 12 பேரை அவர் தெரிந்தெடுத்தார். அனைவரும் ஒரே இடத்திற் கிடத்தப்பட்டனர். அனைவருக்கும் ஒரே உணவு. இருவர் இருவராக ஆறு பிரிவாக்கி, பிரிவுக்கொரு மருந்து கொடுத்தார். ஒரு பிரிவினர் ஆப்பிள் மது அருந்தினர். மற்றொரு பிரிவினர் கந்தக அமிலத் துளிகளையும், வேறொரு பிரிவினர் காடியையும் பெற்றனர். அடுத்த பிரிவினருக்குக் கடல்நீர்; பின்னொரு பிரிவினருக்கு உள்ளியும் கடுகும் சேர்ந்த இலேகியம். எஞ்சிய இருவருக்கு நாள்தோறும் இரண்டு தோடம்பழமும் ஓர் எலுமிச்சம்பழமும். ஆறு நாட்களிற் பழங்கள் தீர்ந்தன. ஆயினும் அதற்குள் அவ்விருவருள் ஒருவர் வேலைக்குத் திரும்பும் நிலையை எய்தினார். மற்றவர் ஏனைய நோயாளரைப் பராமரிக்கும் பணியில் அமர்த்தப்பட்டார். காடியும் அமிலமும் பயனளிக்கவில்லை. புளிப்பு மருந்தன்று என்பது இவ்வாறு கண்கூடாயிற்று.

லிண்ட் 1753இல் தமது நூலை வெளியிட்டார். ஆனால் தாம் கண்ட உண்மையைத் தாமே முற்றாகப் பற்றிக்கொண்டாரல்லர். ஈரக் காற்றினால் வியர்வைத் துளைகள் அடைபடுவதே நோய்க்கு முதன்மையான காரணமென அவர் நம்பினார். பழம் கப்பலிற் கெட்டுவிடும் என்பதால், சாற்றை நீண்ட நேரம் சூடாக்கி வற்றவைத்துப் பாகாக்கி அடைத்துவைக்கும் முறையொன்றையும் பரிந்துரைத்தார். வெப்பத்தாலும் காற்றாலும் விற்றமின் ‘சி’ அழியும் என்பதை அக்காலத்தில் எவரும் அறியார். காய்ச்சும்போது பெரும்பகுதி மறைந்தது. சேமிப்பில் எஞ்சியதும் தேய்ந்தது. கப்பல்களுக்குச் சென்ற பாகு பயன் தராதபோது, பழத்தின் மீதே ஐயம் பிறந்தது. அக்காலத்தில் முளைத்தானியக் கஷாயம் கடற்படையின் விருப்பத்துக்குரிய மருந்தாயிற்று. அதில் இச்சத்து இல்லையென்றே கூறலாம்.

மாற்றம் வர ஏறத்தாழ 50 ஆண்டுகள் சென்றன. 1794ஆம் ஆண்டில் ‘சபொக்’ என்னும் பிரித்தானியப் போர்க்கப்பல், இடையில் எத்துறையிலும் தங்காது 23 வாரங்கள் கடலோடிச் சென்னையை அடைந்தது. மாலுமி ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் ஓர் அவுன்சின் மூன்றில் இரண்டு பங்கு எலுமிச்சைச் சாறு, சர்க்கரையுடனும் மதுவுடனும் கலந்து அளிக்கப்பட்டது. ஸ்கர்வியால் ஒருவரும் இறந்திலர். தம் கருத்து மெய்ப்பிக்கப்பட்ட அவ்வாண்டிலேயே லிண்ட் காலமானார். மறு ஆண்டில், மருத்துவர் கில்பேட் பிளேனின் முயற்சியால், கடற்படை எங்கும் எலுமிச்சைச் சாறு வழங்க ஆணை பிறந்தது. இலங்கை வரலாறு பயில்வோருக்கும் இக்கப்பல் அயலானதன்று. 1795ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைக் கைப்பற்றிய படைக்குத் தலைமை தாங்கிய றெயினியரின் கொடிக்கப்பல் இந்த ‘சபொக்’கே. நலமுடன் வந்து சேர்ந்த மாலுமிகள் இன்றிக் கடலாட்சி இல்லை. இத்தீவின் தலைவிதியை மாற்றிய நிகழ்ச்சியின் பின்னணியில் எலுமிச்சைச் சாற்றுக்கும் ஒரு சிறு பங்குண்டு எனல் மிகையாகாது.

வெற்றி கிடைத்தது, விளக்கம் கிடைக்கவில்லை. ஆகவே வெற்றி மீண்டும் நழுவியது. 1860களில், மத்தியதரைக் கடற்கரையின் எலுமிச்சைக்குப் பதிலாக, மேற்கிந்தியத் தீவுகளில் விளையும் தேசிக்காயின் சாறு கடற்படைக்குக் கொள்ளப்பட்டது. இரண்டும் புளிப்பே; ஆகவே இரண்டும் ஒன்றே என எண்ணினர். ஆனால் புட்டியில் அடைத்த தேசிச்சாற்றின் ஆற்றல் மிகக் குறைவு. எலுமிச்சைச் சாற்றினதில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கே தேசிச்சாற்றின் தடுப்பாற்றல் என 1918இல் இலண்டனில் நடத்தப்பெற்ற ஆய்வு காட்டிற்று. நீராவிக் கப்பல்கள் விரைந்து துறை சேர்ந்தமையால் அக்குறை நெடுநாள் வெளிப்படவில்லை. 1875இல் வடதுருவம் நோக்கிச் சென்ற ஜோர்ஜ் நெயர்ஸின் குழுவினரிடம் அது வெளிப்பட்டது. மாரிகாலம் முழுவதும் நாள்தவறாது தேசிச்சாறு பருகியவர்கள், பனிவண்டிகளை இழுக்கத் தொடங்கியதும் வரிசையாக வீழ்ந்தனர்.

பழச்சாறே பொய்த்தது எனக் கருதிய அறிஞர்கள் வேறு காரணம் தேடினர். கெட்ட இறைச்சியில் உண்டாகும் நஞ்சே ஸ்கர்விக்குக் காரணம் என்னும் கொள்கை எழுந்தது. 1901இல் கப்டன் ஸ்கொட் தென்துருவப் பகுதிக்குச் சென்றபோது, தகரத்தில் அடைத்த இறைச்சி கெட்டுள்ளதா என முகர்ந்து பார்ப்பதே முன்காப்பாகக் கொள்ளப்பட்டது. ஆயினும் நோய் வந்தது. புதிதாக வேட்டையாடிய சீல் இறைச்சியே அவர்களை மீட்டது.

இத்துயரம் மாலுமிகளோடு நின்றிலது. 1883இல் தோமஸ் பார்லோ என்னும் இலண்டன் மருத்துவர், கைக்குழந்தைகளிடம் காணப்பட்ட ஒரு விசித்திர நோய் ஸ்கர்வியே என நிறுவினார். கால்களைத் தொட்டாலே அக்குழந்தைகள் வீரிட்டு அழுதன. வியப்பு யாதெனின், அவர்கள் வறியோர் வீட்டுப் பிள்ளைகளல்லர். பெரும்பாலும் வசதி படைத்தோரின் பிள்ளைகள். தாய்ப்பாலுக்குப் பதிலாக, புட்டிகளிலும் தகரங்களிலும் விற்கப்பட்ட குழந்தையுணவும், சுண்டக் காய்ச்சிய பாலும் அவர்களுக்கு ஊட்டப்பட்டன. அக்காலத்துச் செயற்கை உணவுகள் இயற்கை உணவினும் மேலானவை என விளம்பரம் கூறிற்று. தாயின் முலைப்பாலில் இருந்தது அவற்றில் இல்லை என்பதை உரைக்க அன்று எவராலும் இயலவில்லை. பெயரில்லாத பொருளொன்று இல்லாமையால் குழந்தைகள் நலிந்தனர்.

அப்பொருளை அறியும் வழி 1907இல் நோர்வே நாட்டிலே திறந்தது. அக்ஸெல் ஹோல்ஸ்ற், தியோடோர் புரோலிக் என்னும் இருவர், வேறொரு கப்பல் நோயை ஆராயும்பொருட்டுக் கினிப்பன்றிகளுக்குத் தானியத்தை மட்டும் உணவாகக் கொடுத்தனர். அவற்றுக்கு ஸ்கர்வி கண்டது. பசிய இலையும் பழமும் கொடுக்க, நோய் நீங்கிற்று. ஆடும் நாயும் எலியும் இச்சத்தினைத் தம் உடலிலேயே ஆக்கிக்கொள்வன. மனிதனும் குரங்கும் கினிப்பன்றியும் அவ்வாற்றல் இல்லாதவை. எலியை வைத்து ஆராய்ந்திருப்பின் ஒன்றும் தெரிந்திராது.

அடுத்த படியில் ஏறியவர் ஹங்கேரிய அறிஞர் அல்பேட் சென்ற்-ஜியோர்ஜி. 1928இல் கேம்பிறிட்ஜில் பணியாற்றுகையில், சிறுநீரகத்தின் மேலமைந்த சுரப்பியிலிருந்தும், தோடம்பழம், கோவா ஆகியவற்றிலிருந்தும் ஒரு வெண்ணிறப் பளிங்குப் பொருளைப் பிரித்தெடுத்தார். அது சர்க்கரையின் உறவினது, வேறொன்றும் விளங்கவில்லை. ஆகவே ‘அறியேன்’ எனப் பொருள்படும் பெயரொன்றை விளையாட்டாக அதற்கு இட்டார். ஆய்விதழின் ஆசிரியர் மறுக்கவே, ‘ஆண்டவனுக்கே வெளிச்சம்’ எனும் பொருளில் மற்றொரு பெயரை எழுதி அனுப்பினார். அதுவும் ஏற்கப்படவில்லை. 1932இல் அவருடைய ஆய்வுகூடமும், அமெரிக்காவில் சார்ள்ஸ் கிங்கின் ஆய்வுகூடமும் அப்பொருளே விற்றமின் ‘சி’ எனக் காட்டின. லங்காஸ்ரர் எலுமிச்சைச் சாறு கொடுத்த நாளிலிருந்து அதன் பொருள் விளங்க 331 ஆண்டுகள் சென்றன.

பொருள் விளங்கினும் ஆய்வுக்குப் போதிய அளவு கிடைக்கவில்லை. சென்ற்-ஜியோர்ஜி அப்பொழுது செகெட் நகரிலே பேராசிரியர். அந்நகரைச் சூழ விளைவது செம்மிளகாய். ஒரு மாலை அவருடைய மனைவி இராவுணவுக்கு அம்மிளகாயைப் படைத்தார். உண்ண விருப்பமற்ற பேராசிரியர், அதனை இதுவரை சோதித்துப் பார்க்கவில்லையே என்னும் நினைவு எழ, ஆய்வுகூடத்துக்கு எடுத்துச் சென்றார். நள்ளிரவுக்குள் அதன் வளம் தெரிந்தது. கிராம் கணக்கிற் கிடைத்த பொருள் கிலோகிராம் கணக்கிற் கிடைத்தது. அதனைப் பெற்ற பர்மிங்காம் பேராசிரியர் நோர்மன் ஹேவேத் அதன் அமைப்பைத் தெளிவாக்கினார். ‘ஸ்கர்வியை நீக்குவது’ என்னும் பொருள்பட அஸ்கோபிக் அமிலம் எனப் பெயரும் இடப்பட்டது. 1933இல் பர்மிங்காமிலும், சூரிச்சில் ததேயுஸ் றைக்ஸ்ரைனாலும் அவ்வமிலம் செயற்கையாக ஆக்கப்பட்டது. மறு ஆண்டில் சுவிற்சர்லாந்து நிறுவனமொன்று அதனைப் பெருமளவில் ஆக்கி விற்கத் தொடங்கிற்று. 1937இல் சென்ற்-ஜியோர்ஜியும் ஹேவேத்தும் வெவ்வேறு துறைகளில் நோபெல் பரிசு பெற்றனர்.

இனி, முதலில் எழுந்த வினாவுக்கு வரலாம். குளிசையில் உள்ளதும் பழத்தில் உள்ளதும் ஒன்றா? ஸ்கர்வியைப் பொறுத்தவரை ஒன்றே. றைக்ஸ்ரைனின் முறையும் குளுக்கோசிலிருந்து தொடங்குவதே. இடையில் ஒரு படியை நுண்ணுயிர்களே நிறைவேற்றுகின்றன. இறுதியிற் கிடைப்பது பழத்திலுள்ள அதே மூலக்கூறு. 1939இல் ஜோன் கிரண்டன் என்னும் பொஸ்ரன் சத்திரவைத்தியர், இச்சத்து அறவே இல்லாத உணவைத் தாமே ஏறத்தாழ ஆறு மாதங்கள் உண்டு பார்த்தார். மூன்றாம் மாதத்தில் அவருடைய முதுகில் இட்ட வெட்டு ஆறிற்று. ஆறாம் மாதத்தில் இட்டது ஆறவில்லை. செயற்கை அஸ்கோபிக் அமிலத்தை ஊசிமூலம் ஏற்றியபின் அதுவும் ஆறிற்று. இரண்டாம் உலகப் போரின்போது, படைக்கலம் ஏந்த மறுத்த 20 பேர் ஷெபீல்ட் நகரில் இத்தகைய சோதனைக்குத் தம்மை ஒப்படைத்தனர். நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் போதும், நோயைத் தடுக்கவும் தீர்க்கவும் என்பது அதனாற் புலனாயிற்று. ‘சபொக்’ மாலுமிகள் பெற்ற சாற்றிலும் ஏறத்தாழ அவ்வளவே இருந்தது.

அங்ஙனமாயின் பழம் எதற்கு? இதற்கும் சென்ற்-ஜியோர்ஜியின் வாழ்விலேயே குறிப்புண்டு. குருதிக் கசிவுற்ற சிலருக்குத் தூய்மை பெறாத பழச்சாற்றுப் பொருள் பயனளித்ததையும், தூய அமிலம் அளிக்காததையும் கண்ட அவர், பழத்தில் வேறொரு சத்தும் உண்டெனக் கருதி, 1936இல் அதற்கு விற்றமின் ‘பி’யினின்றும் வேறான ஓர் எழுத்தையும் இட்டார். அது தனியொரு விற்றமின் அன்று எனப் பிற்காலத்தார் அப்பெயரைக் கைவிட்டனர். ஆயினும் அவர் தொட்ட பிளேவனோயிட்டுகள் என்னும் பொருட்குழு பழங்களிலும் இலைகளிலும் நிறைந்திருப்பது உண்மையே. நார்ப்பொருள், பொற்றாசியம், போலேற்று ஆகியனவும் பழத்தோடும் கீரையோடும் வருவன; குளிசையோடு வாரா. காய்கனி மிகுதியாக உண்போரிடம் இதயநோய் குறைவாகக் காணப்படுகின்றது. அந்நன்மையைத் தனித்த விற்றமின் ‘சி’க் குளிசையினாற் பெற முயன்ற பெரும் பரிசோதனைகள் வெற்றி பெறவில்லை.

குளிசையின் எல்லையை மறந்த வரலாறும் உண்டு. இரண்டு நோபெல் பரிசு பெற்ற லைனஸ் போலிங், 1970இல் வெளியிட்ட நூலில், கிராம் கணக்கில் விற்றமின் ‘சி’ உண்டாற் தடிமன் அணுகாது என்றார். பின்னர் புற்றுநோய்க்கும் அதனைப் பரிந்துரைத்தார். உலகெங்கும் குளிசை விற்பனை பெருகிற்று. 1979இலும் 1985இலும் மேயோ மருத்துவமனை வெளியிட்ட ஆய்வுகளில், நாளொன்றுக்கு 10 கிராம் குளிசையாக உண்ட புற்றுநோயாளர் அதனாற் பயன் பெறவில்லை. தடிமன் வருவதைப் பொதுமக்களிடம் அது தடுப்பதில்லை. நாள்தோறும் உண்டு வருவோரின் தடிமன் சிறிது விரைவில் மாறக்கூடும் என்பதே இன்றைய தீர்ப்பு. உடல் கொள்ளும் அளவுக்கு வரம்புண்டு. மிஞ்சியது சிறுநீரோடு கழியும். மிகுதியாக உண்பதால் வயிற்றோட்டமும், சிலருக்குச் சிறுநீரகக் கல்லும் உண்டாகலாம்.

ஆயினும் குளிசையை இகழ்வதும் தவறாகும். 1980களில் எதியோப்பியா, சோமாலியா, சூடான் ஆகிய நாடுகளின் அகதி முகாம்களில் ஸ்கர்வி மீண்டும் தலைதூக்கிற்று. கடலையே கண்டிராத மக்கள் கடலோடிகளின் நோயால் வருந்தினர். தானியமும் எண்ணெயும் பருப்பும் பங்கிடப்பட்டன. பசிய இலையொன்றும் அப்பங்கில் இல்லை. வறண்ட நிலத்தில் முகாமிட்டோருக்குத் தோடம்பழத்தின் சிறப்பை எடுத்துரைப்பதாற் பயன் யாது? அத்தகைய இடத்திற் குளிசை உயிர் காக்கும். உண்ணமுடியாத நோயாளருக்கும், தனித்து வாழும் முதியோருக்கும், மருத்துவர் கூறுமிடத்து, அது துணையாகும்.

பழம் கிடைக்கும் நாட்டிலோ நிலை வேறு. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 45 மில்லிகிராம் போதுமென உலகச் சுகாதார நிறுவனம் கூறும்; அதனினும் இருமடங்கு வேண்டுமெனக் கூறும் நாடுகளும் உண்டு. எவ்வளவாயினும், 100 கிராம் கொய்யாப்பழத்தில் 200 மில்லிகிராமுக்கு மேலும், அதே நிறையுள்ள தோடம்பழத்தில் ஏறத்தாழ 50 மில்லிகிராமும் உண்டு. பப்பாசியும், நெல்லியும், முருங்கையிலையும், கறிமிளகாயும் இவ்வரிசையைச் சேர்ந்தவை. லிண்டின் பாகு புகட்டிய பாடத்தை மட்டும் சமையலறை மறத்தலாகாது: நறுக்கியபின் நெடுநேரம் நீரில் ஊறவைத்த கீரையும், மிகையாக அவித்த கீரையும் இச்சத்தினைப் பெரிதும் இழந்துவிடும். வல்லாரையைப் பச்சையாக அரிந்து சம்பலாக்குவதும், சொதியை அடுப்பிலிருந்து இறக்கியபின் தேசிக்காய்ப்புளி விடுவதும் இந்நாட்டு அடுக்களைகளின் பழைய வழக்கங்கள். சுவை கருதி எழுந்த அவ்வழக்கங்கள் சத்தையும் காத்து வந்தன.

வழக்கத்தின் காரணம் மறக்கப்படும்போது வழக்கமும் கைவிடப்படும் என்பதை லங்காஸ்ரரின் காலத்திலிருந்து இக்கதை காட்டி வருகின்றது. அன்று பழம் இருந்தது, அதன் பொருள் தெரியவில்லை, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். இன்று பொருள் தெரிந்துவிட்டது. தெரிந்தபின், கொல்லையிலே கொய்யா பழுத்து உதிரக் கடைக்குக் குளிசை தேடிச் செல்வதும், பழமே கிடைக்காத ஏழைக்குக் குளிசையை மறுப்பதும் ஒரே அறியாமையின் இரு கிளைகளாகும்.